சுமை அட்டவணை

கிதினியா துறைமுகத்தில் ஒன்பது வருஷம்
கிரேன் ஓட்டினேன்.
காலடியிலும் கண்ணாடி பதித்த பெட்டிக்குள்
தனியாக உட்கார்ந்து
முப்பது டன் கன்டெய்னரைக் கப்பலில் வைப்பேன்.
மார்சேனா வைத்தால் ஓசை கேட்காது
என்று பெயர் எனக்கு.

மூன்று கிலோ நானூறு கிராம்.
அதைத் தூக்கத்தான் கை வரவில்லை.

ரதெக் நீட்டுவான், வாங்கிக்கொள்வேன்,
பக்கத்து வீட்டுப் பார்சலைக்
கையெழுத்துப் போட்டு வாங்குவதுபோல.
தீமோன் கண் திறந்து பார்த்தான்.
எனக்குள் எதுவும் அசையவில்லை.
பால் மட்டும் கசிந்தது.
அது உடம்பு பார்த்த வேலை.

வந்தார்கள், பீட்ரூட் சூப்போடு, நீலப் பலூனோடு.
உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்றார்கள்.
ஆமாம் என்றேன்.
அவர்கள் போனதும்
குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு,
தரையில் உட்கார்ந்தேன்.
அழுகையை மறைக்கத்தான் திறந்தேன்.
அழுகை வரவில்லை.
தண்ணீர் ஓடியது, மீட்டரும் ஓடியது.

சமையலறை ஜன்னலில் என் கிரேன் தெரியும். ஏழாம் எண்.
வேறு யாரோ ஓட்டுகிறார்கள்.
முரட்டுக் கை.

நவம்பரில் ஓர் இரவு, மூன்றரை மணி.
நான் இல்லாத வீட்டைக் கற்பனை செய்து பார்த்தேன்.
எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.
பாத்திரம்கூடக் கழுவி வைத்திருந்தது.
அந்த ஒழுங்குதான் என்னைப் பயமுறுத்தியது.

மருத்துவச்சி கலீனா என்னைவிடச் சின்னவள்.
நனைந்த ஷூவை வாசலில் கழற்றிவிட்டு
ஓட்டைக் காலுறையோடு வந்தாள்.
குழந்தையை நிறுத்தாள், எழுதினாள், தராசை மடித்தாள்.
பிறகு ஒரு தாளைத் தந்தாள். பத்துக் கேள்விகள்.
பத்தாவதில் பேனா நின்றது.

அவள் அவசரப்படுத்தவில்லை.
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்:
எவ்வளவு காற்றடித்தால் அதை நிறுத்துவீர்கள்?
நொடிக்கு இருபது மீட்டர் என்றேன்.
நிறுத்தினால் திட்டுவார்களா?
இல்லை. நிறுத்தாவிட்டால்தான்.

சொல்லி முடித்தபோது
என் குரல் எனக்கே கேட்டது.
பத்தாவது கேள்விக்கு
உண்மையை எழுதினேன்.

அன்று அவள் அடுத்த வீட்டுக்குப் போகவில்லை.
ரதெக் வேலையிலிருந்து ஓடிவரும் வரை
காலுறை ஓட்டையில் பெருவிரல் தெரிய
என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார்.
முதல் மூன்று வாரம் வாய் உலர்ந்ததுதான் மிச்சம்.
ரதெக் கோபப்பட்டான்,
ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று,
பிறகு சத்தமில்லாமல் இரவுப் புட்டியை எடுத்துக்கொண்டான்.
ஐந்து மணி நேரம் ஒரேயடியாகத் தூங்கினேன்.
விழித்தபோது பசித்தது.
பசி என்று ஒன்று இருந்ததே.

கிரேன் பெட்டியில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும்.
கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ
அவ்வளவுக்குத் தூக்கும் பலம் குறையும்.
பக்கத்தில் இருந்தால் மலை,
எட்டத்தில் இருந்தால் மூட்டைகூட ஆகாது.
ஒன்பது வருஷம் கண்ணெதிரே இருந்த தாள்.
நான் கெட்ட தாய் இல்லை, தீமோன்.
எட்டத்தில் இருந்தேன்.

பிப்ரவரியில் நீ தும்மினாய்,
உன் தும்மலுக்கு நீயே திடுக்கிட்டு
என்னைக் குற்றவாளிபோலப் பார்த்தாய்.
சிரித்துவிட்டேன்.
பாசம் என்று அதற்குப் பெயர் வைக்கமாட்டேன்.
கீழே யாரோ கொக்கியை மாட்டிவிட்டு
கை அசைப்பார்களே, அதுபோல ஒன்று.

மார்ச்சில் மறுபடி விழுந்தேன்.
எட்டு நாள். எண்ணி வைத்திருக்கிறேன்.

இப்போது நீ ஏழு கிலோ.
கடலிலிருந்து பெருங்காற்று வரும் நாளில்
உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு
ஜன்னலில் நிற்கிறேன்.
ஏழாம் எண் அசையாமல் நிற்கிறது.
யாரும் அதைத் திட்டவில்லை.

அந்தக் குளியலறைத் தரையில்
இன்னும் சில நாள் போய் உட்காருகிறேன்.
தாழ் போடுவதில்லை.